கதவு கேட்ட இடத்தில் பொன்னாடை

நாற்பத்திரண்டு வயதில் நான் கண்ணாடி முன் நின்று கவலைப்படப் பழகினேன். காலையில் சவரம் செய்த கையோடு நெற்றியைச் சுருக்கி, உதட்டை உள்ளிழுத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, எதிரில் இல்லாத ஒருவரின் துயரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவனைப் போல நிற்பேன். பேட்டி காண்பவனுக்கு அப்படி ஒரு முகம் வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். நான் நிறையப் படிப்பவன். என் முட்டாள்தனங்களில் பெரும்பாலானவற்றுக்குப் புத்தக ஆதாரம் உண்டு. ஒரு நாள் குளியலறைக் கதவு திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை. என் மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறாள். பிறகு உள்ளே போய்க் கிராம்புத் தைலத்தோடு வந்தாள்.

"எந்தப் பல்லு?" என்றாள்.

புது முகம் ஏன் தேவைப்பட்டது என்று சொல்ல, பழைய முகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகள் முழுவதும் நான் புனேயில் எங்கள் கட்கிப் பகுதியின் சிரிப்புக்காரன். பகலில் தொழிற்சாலை அலுவலகத்தில் குமாஸ்தா. சாயங்காலமானால் பொங்கல் விழா, தமிழ்ச் சங்க ஆண்டு விழா, பிள்ளையார் பந்தல் என்று எங்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டுகிறார்களோ அங்கெல்லாம் நான். என் சரக்கில் தலையாயது ஒன்று: ஊரிலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்த தமிழ்ப் பெண், மராத்திக் காய்கறிக்காரியிடம் முருங்கைக்காய் பேரம் பேசுவது. இரண்டு குரலும் நானே. இடுப்பில் கை வைத்த மாத்திரத்தில் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பேசியே ஆக வேண்டிய அவசியம்கூட இருக்காது.

இதற்குச் சம்பளம் பொன்னாடை. கூடவே ஒரு தேங்காய். தேங்காயாவது மறுநாள் சட்னியாகும். அந்தப் பொன்னாடை இருக்கிறதே, அதை உலகத்தில் வேறெந்தக் காரியத்துக்கும் பயன்படுத்த முடியாது. ஜரிகைக் கரையும் பளபளப்பும் பார்க்க நன்றாக இருக்கும். போர்த்தினால் புனே டிசம்பர் அதைத் துணியென்றே மதிக்காது. துடைத்தால் ஈரத்தை உறிஞ்சாது, தண்ணீரை இடம் மாற்றி வைக்கும். மெத்தை மேல் விரித்தால் படுத்தவர் வழுக்கிக் கீழே வருவார். எங்கள் பீரோவின் நடுத்தட்டு முழுக்க இதுதான். சங்கத்தார் அவசரத்துக்கு என் வீட்டிலிருந்து இரவல் வாங்கிப்போய் எனக்கே போர்த்தியிருக்கிறார்கள். நானும் எதிர்பாராத கௌரவம் போலத் தலை குனிந்திருக்கிறேன்.

"இன்னொரு தடவ யாரையாவது சிரிக்க வச்சீங்கன்னா, என் பொடவையெல்லாம் கட்டில் மேலதான் வைக்கணும்" என்பாள் மனைவி.

அந்தக் கஷ்டம் அவளுக்கு வரவில்லை. வீட்டுக்கு வீடு கேபிள் வந்தது. நாள் முழுக்கச் சென்னைக்காரர்கள் இலவசமாகச் சிரிக்க வைத்தபோது, தகர நாற்காலியில் கொசுக்கடியோடு உட்கார்ந்து என்னைப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. போதாக்குறைக்கு, கட்கியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு என் தமிழ் நகைச்சுவையைப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாக்கள் இந்தியில் விளக்க வேண்டியிருந்தது. விளக்கி முடிக்கும்போது நான் அடுத்ததற்குப் போயிருப்பேன். மண்டபத்தின் பின்வரிசைகள் எப்போதும் ஒரு நகைச்சுவை பின்தங்கியே சிரித்தன.

அப்போதுதான் கேபிள்காரர் கூப்பிட்டார். பஞ்சாபி. சொந்தமாக ஒரு லோக்கல் சேனல் வைத்திருந்தார். காலையில் பஜனை, மத்தியானம் சினிமா, நடுவில் கல்யாண மண்டப விளம்பரம். எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகள் வேறு கேபிளுக்கு மாறப்போவதாகக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் தமிழுக்கு ஒதுக்கினார். "எது வேணும்னாலும் பேசு பாய்," என்றார் இந்தியில். "எனக்கு ஒண்ணும் புரியப்போறதில்ல. சண்டை மட்டும் வரக்கூடாது."

அவருடைய மைத்துனரின் போட்டோ ஸ்டூடியோதான் அரங்கம். பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்கள் காத்திருக்கும் சோபா. பின்னால் கல்யாண ஜோடிகளுக்காக வரைந்து வைத்திருந்த பனிமலையும் ஏரியும் அன்னப்பறவையும். திரையை மாற்ற மைத்துனர் சம்மதிக்கவில்லை. ஆகவே என் விருந்தினர்கள் எல்லோரும் சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்துதான் பேசினார்கள்: ஹோமியோபதி டாக்டர், பாட்டு டீச்சர், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் உடனே திரும்பிவிட்ட ஒருவர்.

நேயர்கள் தொலைபேசியிலும் பேசலாம். அது என் யோசனை, இன்றுவரை வருந்துகிறேன். டாக்டர் சிறுநீரகக் கல்லைப் பற்றி உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். மணி அடிக்கும். "சார், புரோக்ராம் நல்லாருக்கு சார். அந்த முருங்கைக்கா ஒரு தபா பண்ணுங்களேன்." நான் கண்ணாடி முன் பழகிய முகத்தோடு, "இது சீரியஸான நிகழ்ச்சி" என்பேன். மறுமுனையில் குடும்பமே சிரிக்கும். "பாத்தியா, எப்பிடிச் சொல்றாரு பாரு!" கடைசியில் பண்ணிக் காட்டித் தொலைப்பேன். டாக்டர் அன்னப்பறவைக்குக் கீழே உட்கார்ந்து காத்திருப்பார்.

இந்த லட்சணத்தில்தான் பின் லைன் அக்கா வந்தார்.

தொழிலாளர் குடியிருப்புகளின் வரிசையை நாங்கள் லைன் என்போம். எங்கள் வரிசைக்குப் பின்னால் இருப்பது பின் லைன். அக்கா ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வேலை செய்தார். அவருடைய பெரியவர்கள் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி முடிந்து நான் வீடு திரும்பியபோது வாசலில் நின்றிருந்தார்.

"டீவில ஊர் நியாயமெல்லாம் பேசிக்கினு இருக்கியே தம்பி. எங்க லைன் லேடீஸ் சண்டாஸ்ல கதவே இல்ல. அத ரெண்டு வார்த்த பேசேன்."

கழிப்பறைக்கு எங்கள் பக்கத்தில் சண்டாஸ் என்றுதான் பெயர். கழிப்பறை என்று தமிழில் சொன்னால் யாருக்கும் அவசரம் புரியாது. பின் லைனுக்குப் பொதுவாக ஒன்று இருந்தது. பெண்கள் பக்கத்தில் நான்கு தடுப்புகள். கதவுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, அந்த மழைக்காலத்தில் கடைசிக் கதவும் போய்விட்டது. பெண்கள் ஜோடி ஜோடியாகப் போனார்கள். ஒருத்தி உள்ளே, ஒருத்தி வாசலில் பழைய புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு.

"இத்தினி நாள் பொறுத்துக்கினோம். இப்ப என் பொண்ணு வரணுமே," என்றார் அக்கா.

மகளைப் போன வருஷம் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளைக்குப் புனேயின் மறுகோடியில், மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை. அங்கேயே அடுக்குமாடி வீடு. மகளுக்கு இப்போது ஆறு மாதம். ஏழாம் மாதம் வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். சம்பந்தியம்மா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாராம்: கதவில்லாத இடத்துக்கு வயிற்றுப்பிள்ளைக்காரியை அனுப்ப முடியாது.

"அவங்க சொல்றது தப்பில்ல. ஆனா தலைப்பிரசவம் தம்பி. அது எங்க வூட்ல இல்லாம எங்க நடக்கும்? லைன்ல என்னை என்னான்னு கேப்பாங்க?"

நான் நெற்றியைச் சுருக்கினேன். இந்த முறை பழகாமலே வந்தது. "அக்கா, இது வெறும் கதவுப் பிரச்சினை இல்ல. பெண்களோட மானப் பிரச்சினை. தொழிலாளர்களோட உரிமைப் பிரச்சினை. நான் இத..."

"அதெல்லாம் வேணாம் தம்பி," என்றார் அக்கா. "கதவு."

அடுத்த ஞாயிறு விருந்தினர் இல்லாமல் தனியாகவே பேசினேன். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கதவிழந்த பெண்களின் நிலையைக் கலங்கிய குரலில் எடுத்துரைத்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு உண்மையாகப் பேசியதே இல்லை. முதல் தொலைபேசி: "சார், செம காமெடி சார். அந்தப் பொடவ புடிக்கிற ஸீன் மறுபடி ஒரு தபா." இரண்டாவது: "ஜென்ட்ஸ் பக்கம் பத்தியும் சொல்லுங்க சார், அங்க இன்னும் தமாஷ்." திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் நுழைந்தபோது எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று வரவேற்றார்கள். என் மேலதிகாரி, பாவம், தமிழ் தெரியாதவர்; விஷயம் என்ன என்று கேட்டு, மொழிபெயர்ப்பிலேயே சிரித்தார்.

ஒருவன் பத்து வருஷம் சிரிக்க வைத்தால், பதினோராவது வருஷம் அவன் வீடு தீப்பற்றி எரிந்தாலும் கூட்டம் முதலில் கைதான் தட்டும்.

சரி, நான் சொன்னால்தானே சிரிப்பு, அதிகாரியையே கூப்பிட்டுக் கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். எங்கள் பகுதிச் சுகாதாரத்தைப் பார்த்துக்கொண்ட அதிகாரி மராத்திக்காரர். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. டீவி என்றதும் உடனே ஒப்புக்கொண்டார். கேள்விகளை இந்தியில் எழுதி, கூர்தீட்டி, மனப்பாடம் செய்தேன். கதவுகள் எப்போது போயின, ஏன் போடவில்லை, எந்தத் தேதிக்குள் போடுவீர்கள். தப்ப முடியாது.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் சங்கத் தலைவர் வந்தார். "பீரோவத் தொறங்க. நல்லதா ஒரு சால்வ எடுங்க."

"எதுக்கு?"

"நாளைக்கு ஆபீசர் வர்றாரே!"

"நாம அவர கேள்வி கேக்கப்போறோம் சார். பாராட்டப்போகல."

"கேளுங்க, தாராளமா கேளுங்க. யார் வேணாம்னா? ஆனா வந்த மனுசன வெறுங்கையோட அனுப்புறதா? மராட்டிக்காரங்க முன்னாடி நம்ம மரியாத என்னாவுறது?"

வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த பின் லைன் அக்கா, "அவருக்கு எதுக்குப் போத்தணும்? குளிருதா?" என்றார். அன்று அறிவோடு பேசியவர் அவர் ஒருவர்தான். ஆகவே யாரும் காதில் வாங்கவில்லை.

இங்கே ஒரு விஷயம். இரண்டு சமூகங்கள் பல தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும் ஒருவர் சாம்பாரை ஒருவர் மன்னிக்கவில்லை. ஆனால் சால்வையும் தேங்காயும் என்று வந்துவிட்டால் தமிழனும் புனேக்காரனும் சகோதரர்கள். யார் எந்த மேடையில் ஏறினாலும் இருவருக்கும் கை தன்னால் சால்வையைத் தேடும். மறுநாள் ஸ்டூடியோவில் தலைவர் அதைப் போர்த்த, பெண்கள் ஆரத்தித் தட்டோடு வர, அதிகாரி பழகிய லாகவத்தோடு தோளைத் தாழ்த்தி வாங்கிக்கொண்டார். அவர் தோளில் இருந்தது என் பொன்னாடை. முருங்கைக்காய்க்குக் கிடைத்தது. ஸ்டூடியோ மைத்துனர் படமெடுத்தார். நான் பக்கத்தில் நின்று தேங்காயைக் கொடுத்தேன்.

பிறகு சோபாவில் உட்கார்ந்தோம். சால்வை போர்த்திய ஒரு மனிதரிடம், நெற்றியில் ஈரக் குங்குமத்தோடு உங்களைப் பார்த்துப் புன்னகைக்கும் ஒருவரிடம், "கதவு எங்கேய்யா?" என்று எப்படிக் கேட்பது? எந்தப் புத்தகத்திலும் இதற்கு வழி சொல்லவில்லை. கூர்தீட்டிய கேள்வி என் வாயிலிருந்து, "சாஹேப், கதவுகளைப் பற்றி உங்கள் மேலான கருத்து என்ன?" என்று வெளியே வந்தது.

"அருமையான கேள்வி!" என்றார் அதிகாரி. சின்ன வயதில் தாம் இருந்த பழைய வீட்டைப் பற்றி ஆரம்பித்தார். பல குடித்தனங்களுக்கு ஒரே சண்டாஸ். காலை வரிசையில் நின்றபடி ஒரு கிழவர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பாராம். உள்ளே இருப்பவர் பதில் சொல்லி விவாதிப்பாராம். இருவர் குரலிலும் பேசிக் காட்டினார். என்ன நேரம், என்ன நிறுத்தம்! கேமராக்காரர் சிரித்ததில் படம் ஆடியது. நான் தொழில் தெரிந்தவன். நன்றாக விழுந்த ஒரு நகைச்சுவைக்கு முன்னால் எனக்கு முதுகெலும்பு கிடையாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் இடம் விட்ட இடங்களில் "அப்புறம்? அப்புறம்?" என்று எடுத்துக்கொடுக்கவும் செய்தேன். அரைமணி முடிந்தது. கதவு வரவில்லை. அதிகாரி கைகுலுக்கி, பொன்னாடையைச் சோபாவிலேயே விட்டுவிட்டு, தேங்காயை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். அனுபவஸ்தர்.

ஒரு வாரம் கழித்து அக்கா மறுபடி என் வாசலில் நின்றார்.

"ஆபீசுக்குப் போனேன் தம்பி, கதவு கேக்க. அங்க கிளார்க்கு ஒருத்தன், பேப்பர்ல வந்த போட்டோவ பலகைல ஒட்டி வச்சிருக்கான், அதக் காட்றான். ஆபீசரு, தலைவரு, நீ தேங்கா குடுக்கற. கீழ மராட்டில போட்டிருக்கான், நம்ம ஏரியா சுத்தமா இருக்குதுன்னு தமிழ் ஆளுங்க எல்லாம் சேந்து ஆபீசருக்கு மரியாத பண்ணாங்களாம். 'போன வாரம் சால்வ போத்துறீங்க, இந்த வாரம் கம்ப்ளெயின்ட்டா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்கம்மா'ன்றான். நான் இன்னா சொல்ல?"

நான் கண்ணாடி முன் பழகிய முகத்தைத் தேடினேன்.

"மனு எழுதிக் குடுத்திருந்தா, மிஞ்சிப்போனா கதவு வராமப் போயிருக்கும். அவ்ளோதான்," என்றார். "இப்ப வேணாம்னு நாமளே சொன்னா மாதிரி ஆயிடுச்சு. அடுத்த வெள்ளிக்கெழம சம்பந்தியம்மா இடம் பாக்க வர்றாங்க."

அவர் போனதும் மனைவியிடம் சொன்னேன். தலைவரைத் திட்டினேன், பத்திரிகையைத் திட்டினேன், கடைசியில் நேயர்களையும் திட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "கேள்விய நீங்கதானே கேக்கறதா இருந்துச்சு?" என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் வேலையிலிருந்து சீக்கிரமே திரும்பினேன். சம்பந்தியம்மாவிடம் நேரில் பேசி, கதவு வருகிறது, ஏற்பாடு நடக்கிறது என்று பொய்யாவது சொல்லலாம் என்று எண்ணம். வீட்டில் பீரோ திறந்து கிடந்தது. நடுத்தட்டு காலி. மனைவியைக் காணோம். பின் லைனுக்கு ஓடினேன்.

தூரத்திலிருந்தே ஏதோ மின்னியது. பெண்கள் பக்கத்து நான்கு வாசல்களிலும் குறுக்கே கயிறு கட்டி, இரண்டிரண்டாக மடித்துத் தைத்து, என் பொன்னாடைகள் தொங்கின. மேற்கு வெயிலில் ஜரிகை தகதகவென்றது. சிவப்பு, மயில் கழுத்து, மஞ்சள், பச்சை. வரிசையாக நான்கு கல்யாண மேடைகள் மாதிரி இருந்தது. என் மனைவி வாயில் ஊசியை வைத்துக்கொண்டு கடைசித் திரையின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். என் பத்து வருஷக் கலைவாழ்வை ஒரே இடத்தில் பார்த்தது அன்றுதான்.

சம்பந்தியம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மந்திரி யாரும் வர்றாங்களா?" என்றார்.

"இல்லீங்க சம்பந்தி," என்றார் அக்கா. "நம்ம பொண்ணு வருதுன்னுதான்."

சம்பந்தியம்மா கைப்பையை என் கையில் கொடுத்துவிட்டு நேராக மயில் கழுத்துத் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். என் மனைவியும் அக்காவும் வெளியே இரண்டு பக்கமும் காவல் நின்றார்கள். நான் கைப்பையோடு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ரயில்பாதைப் பக்கம் பார்த்தேன். வெளியே வந்தவர் கை கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"நானும் இந்த மாதிரி லைன்லதான் வளந்தேன்," என்றார். "இப்பிடி ஜோடிச்சு யாரும் குடுக்கல. வளகாப்பு முடிஞ்சதும் கூட்டிட்டு வந்துருங்க."

அக்கா அழுதார். அழுதுகொண்டே சம்பந்திக்கு டீ போட ஓடினார்.

மகள் வந்தாள். மழை முடிந்து குளிர் ஆரம்பித்தபோது பெண்குழந்தை பிறந்தது. பின் லைன் முழுக்கச் சர்க்கரை கொடுத்தார்கள். இதற்கிடையில் சிரிப்பு அதிகாரிக்கு மாற்றலாகி, வேறொருவர் வந்திருந்தார். சிடுமூஞ்சி. யாரோடும் பேசமாட்டார். எங்கள் அழைப்புக்குப் பதில்கூடப் போடவில்லை. ஒரு நாள் காலை தானே சுற்றிப் பார்த்தார். ஜரிகைத் திரைகளைக் கண்டு முகம் சுளித்தார். அதே மாதத்தில் நான்கு தகரக் கதவு, உள்பக்கத் தாழ்ப்பாளோடு வந்து இறங்கியது. சங்கத் தலைவர் உடனே அவரைப் பாராட்ட வேண்டும் என்று பீரோ தேடி வந்தார். பீரோவில் என் மனைவியின் புடவைகள் இருந்தன.

கதவு மாட்டிய ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் நான் இந்தப் போராட்ட வரலாற்றை விரிவாகப் பேசினேன். மக்களின் குரல் ஓங்கி ஒலித்தால் எந்தக் கதவும் திறக்கும் என்று முடித்தேன். மூடவேண்டிய கதவைப் பற்றி அப்படிச் சொன்னது எவ்வளவு பொருத்தமற்றது என்று அப்போது தோன்றவில்லை. தொலைபேசியில் வந்தவர் முருங்கைக்காய் கேட்டார்.

அன்று மாலை அக்கா ஒரு மூட்டையோடு வீட்டுக்கு வந்தார். பொன்னாடைகள். தையல் பிரித்து, துவைத்து, மடித்து வைத்திருந்தார். எனக்கு அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்க ஆசை. "நாம டீவில அவ்ளோ பேசுனது வீண்போகலக்கா, இல்ல?" என்றேன்.

அக்கா மேலே இருந்த மயில் கழுத்துச் சால்வையை எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அதற்குப் பின்னால் அவர் முகம் நன்றாகத் தெரிந்தது.

"ரொம்ப மெல்லிசு தம்பி. வெயில் ஏறிச்சுன்னா உள்ள யார்னு தெரியும்; அதான் கதவு வர்ற வரைக்கும் நாங்க காலைல சீக்கிரமாவே போய்ட்டு வந்துருவோம்," என்றார். "அடுத்த தபா யாராச்சும் உனக்குப் போத்துனாங்கன்னா, கொஞ்சம் கெட்டியா பாத்துக் குடுக்கச் சொல்லு."